பேப்பரோடு வரும் கூகைக் குஞ்சு

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில் அப்பா காலத்திலிருந்தே புறா வளர்க்கிறார்களாம். இவருக்கு ஆந்தை இனத்தைச் சேர்ந்த ஒரு கூகை வளர்க்க ஆசை. ஆன்லைனில் ஒருவர் ‘கூண்டிலேயே பிறந்த குஞ்சு, பேப்பரோடு பதினெட்டாயிரம்’ என்று சொல்ல, மூவாயிரம் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். லைசென்ஸ் எந்த ஆபீசில் எடுப்பது, பின்னால் ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரித்தால் விற்கலாமா, துபாயில் இருக்கும் மாமா அங்கே ராஜாளிக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கிறார்கள் என்கிறாரே, இங்கே ஏன் முடியாது என்பவை அவருடைய கேள்விகள். லைசென்ஸ் ஆபீசின் விலாசத்தைக் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது, ‘நாளைக்கு யாராவது வந்து கதவைத் தட்டினால் அந்தப் பேப்பர் என்னைக் காப்பாற்றுமா’ என்பதைத்தான். காப்பாற்றாது. அப்படி ஒரு லைசென்ஸே இந்த நாட்டில் கிடையாது.

நான் வனத்துறையில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன். கடைசிப் பத்து வருடம் சென்னையில் வனவர் வேலை. தண்டையார்பேட்டையிலேயே வீடு என்பதால் வடசென்னையில் எந்தப் பறவை விழுந்தாலும் போன் எனக்குத்தான் வரும். பறிமுதல் செய்து மகஜர், அதாவது பறிமுதல் அறிக்கை, எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன். கோர்ட்டில் வாதாடிய அனுபவத்தில் அல்ல. ஏற்கெனவே கேஸில் மாட்டியவர் யாராவது இதைப் படித்தால், என் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

முதலில், எந்தச் சந்தேகமும் இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. 2022இல் அதில் பெரிய திருத்தம் வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன, இப்போது நான்கு. விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டில், செடி கொடிகள் மூன்றாவதில், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் (சைட்டீஸ்) வரும் உயிரினங்கள் நான்காவதில். நம் ஊர் ஆந்தை, கூகை, பருந்து, வல்லூறு, ராஜாளி எல்லாம் முதல் இரண்டு அட்டவணைகளுக்குள் அடக்கம். விற்கிறவர்கள் எல்லோரும் ‘இது காட்டில் பிடித்தது இல்லை சார், கூண்டில் பிறந்தது’ என்ற ஒரே வரியைத்தான் சொல்வார்கள். சட்டத்தை எழுதியவர்கள் அதை அன்றைக்கே யோசித்துவிட்டார்கள். ‘சிறைப்பட்ட விலங்கு’ என்பதற்குச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு தரும் விளக்கத்திலேயே, பிடிக்கப்பட்டது, வைத்திருக்கப்படுவது, கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்று மூன்றும் சேர்ந்து வருகின்றன. 39ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருக்கும் அல்லது கூண்டில் பிறப்பிக்கும் பறவை மாநில அரசின் சொத்து என்கிறது. ஆக, விற்பவர் விற்பது அவருடைய பொருளே இல்லை. எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சைப் பெயர்த்து ரசீது போட்டு விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

‘யாருமே வைத்துக்கொள்ள முடியாதா’ என்றால், முடியும். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பூங்காக்கள், மீட்பு மையங்கள் வைத்துக்கொள்ளலாம். கல்வி, அறிவியல் ஆராய்ச்சி போன்ற காரணங்களுக்காகத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தரவும் சட்டத்தில் இடம் உண்டு. மொட்டை மாடியில் ஆசைக்கு வளர்ப்பது அந்தக் காரணங்களில் வராது. பழைய காலத்து உரிமைச் சான்றிதழ் ஒன்று உண்டு. சட்டம் வந்த புதிதிலும், 2003இல் ஒருமுறையும், ஏற்கெனவே கையில் விலங்கு வைத்திருந்தவர்கள் கணக்குக் காட்டிப் பெற்றது அது. அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவரும் விலங்கை விற்கக் கூடாது. வேண்டுமானால் காசு வாங்காமல் அரசிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். குஞ்சை விற்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில்: குஞ்சு பொரித்தால் அதுவும் அரசாங்கக் குஞ்சுதான்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். முதல் அட்டவணைப் பறவையாக இருந்தால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை, இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பறவை கையில் இருந்ததை நாங்கள் நிரூபித்துவிட்டால் போதும். அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு 57ஆம் பிரிவின்படி உங்கள் தலையில் விழுகிறது. சாதாரண கிரிமினல் கேஸில் போலீஸ்தானே நிரூபிக்க வேண்டும் என்ற நினைப்பில் பல பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அந்தப் பேப்பர் எப்படி இருக்கும் என்று நீங்கள் படம் போடவில்லை. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் லேமினேட் செய்த ஒரு அட்டை. மேலே கழுகுப் படம், ஆங்கிலத்தில் ‘பிரீடிங் சர்டிஃபிகேட்’, கீழே பளபளவென்று ஒரு ஹோலோகிராம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடத்தில் ஐம்பது ரூபாய்க்கு அச்சடித்துத் தருவார்கள். இரண்டாவது ரகம், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று. பறவைக்குச் சளி, கழிச்சல் இல்லை என்பதற்குத்தான் அது சாட்சி, உரிமைக்கு இல்லை. மூன்றாவது, செல்லப்பிராணிக் கடைப் பதிவு. 2018 விதிகளின்படி கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டி விற்பதற்கு. நான்காவதுதான் ரொம்பப் பரிதாபம்: இருபது ரூபாய் முத்திரைத் தாளில் ‘இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறேன்’ என்று எழுதி, நோட்டரி முத்திரையும் குத்தியிருப்பார்கள். 39ஆம் பிரிவு விற்பனையோடு அன்பளிப்பையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தத் தாளைக் காட்டியவர் தன் மேல் உள்ள குற்றச்சாட்டுக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

2016இல் நடந்த ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரமாக ஒரு வீடு. பாலிடெக்னிக் படிக்கும் பையன் கூகை வளர்க்கிறான் என்று தகவல். போய்ப் பார்த்தால் டிவி வந்த அட்டைப்பெட்டியில் மூலையோடு ஒடுங்கி நிற்கிறது, மூன்று மாதக் குஞ்சு. என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி, உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, குக்கரில் வெயிட் போடுவதற்கு முன்னால் ஆவி வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். பையன் கையை நீட்டியதும் சத்தம் நின்றுவிட்டது. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஏற முயன்றது, ஏற முடியவில்லை. கால் இரண்டும் வளைந்திருந்தன. கறிக்கடையில் எலும்பில்லாத சிக்கன் வாங்கி, கழுவி, பொடியாக நறுக்கிப் பாசமாக ஊட்டியிருக்கிறான். கூகை எலியை முழுசாக விழுங்கும் பறவை. எலும்பும் ரோமமும் குடலும் சேர்ந்ததுதான் அதன் சாப்பாடு. அப்புறம் செரிக்காத எலும்பையும் முடியையும் ஒரு உருண்டையாகக் கக்கும். வெறும் சதை தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் எலும்பு ரப்பர் மாதிரி ஆகிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இனி இது பறக்காது என்றார். வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொண்டு சேர்த்தோம்.

பையன் மேல் கேஸ் எழுதியது நான்தான். எழுதாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. அன்றைய சட்டத்தில் ஆந்தைகள் பெரும்பாலும் நான்காம் அட்டவணையில் இருந்தன. சமாதானத் தொகை கட்டி முடித்துக்கொள்ள வழி இருந்தது, அதற்கு உச்சவரம்பு இருபத்தைந்தாயிரம். உயரதிகாரி பத்தாயிரம் போட்டார். அவன் அம்மா சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து வந்து கட்டினார். இன்றைக்கு அதே உச்சவரம்பு ஐந்து லட்சம். குறைந்தபட்ச சிறைத் தண்டனை உள்ள குற்றமென்றால், அதாவது முதல் அட்டவணை என்றால், பணம் கட்டி முடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. விற்றவன் கடைசிவரை கிடைக்கவில்லை, போன் நம்பர் அடுத்த நாளே அணைந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி கொஞ்சம் குழப்பமான பகுதி, வெளிநாட்டு இனங்கள். ‘இது நம் ஊர்ப் பறவையே இல்லை, பனி ஆந்தை’ என்று விற்பவர்களும் உண்டு. உலகத்தில் உள்ள எல்லா ஆந்தைகளும் பருந்து, ராஜாளி வகைகளும் அநேகமாக அந்தச் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலாவது (இணைப்பு என்பது அதன் பட்டியல்) இருக்கின்றன, சில இன்னும் கடுமையான முதல் இணைப்பில். இந்தியா 1976இலேயே அதில் சேர்ந்துவிட்டது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலை நம் சட்டத்துக்குள்ளேயே நான்காம் அட்டவணையாகக் கொண்டுவந்தது. அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், அது அந்த ஆகஸ்டோடு முடிந்தது. இப்போது புதிதாக வாங்கினால் முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். முதல் இணைப்பு இனத்தை இனப்பெருக்கம் செய்ய அதற்கென்று தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இறக்குமதி உரிமம், ஒப்பந்த அனுமதிச் சீட்டு, விலங்குத் தொற்றுத் தடுப்புச் சோதனை எல்லாம் வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் இங்கே ஒரு வழி திறந்திருப்பது போலத் தெரியும். ஆனால் இதில் எனக்குச் சந்தேகம் அதிகம். பதிவு எண் இருப்பதும், அந்தப் பறவையோ அதன் தாய் தகப்பனோ சட்டப்படி நாட்டுக்குள் வந்தது என்று காட்டுவதும் ஒன்றா என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. நான் என்றால் இறக்குமதிச் சீட்டைக் கேட்பேன். இன்னொரு சிக்கல், கூகை உலகம் முழுக்கப் பரவிய பறவை. ஐரோப்பியக் கூகை என்று சொல்லி விற்கும் குஞ்சையும் ராயபுரம் பழைய கட்டடத்து மாடத்திலிருந்து எடுத்த குஞ்சையும் பக்கத்தில் வைத்தால் நாற்பது நாளில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கறிஞர் மரபணுச் சோதனை கேட்டு வாதாடலாம். அதுவரை நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று மேலே சொல்லிவிட்டேன். நிஜமான பனி ஆந்தையே கிடைத்தாலும், கால் விரல் வரை இறகு போர்த்திய துருவப் பறவையை மே மாதம் வியாசர்பாடி ஷீட் கூரைக்குக் கீழே வைப்பதை நினைத்தால் எனக்கே வியர்க்கிறது.

துபாய் மாமா சொன்னது பொய் இல்லை. எமிரேட்ஸில் ராஜாளிக்குப் பாஸ்போர்ட் உண்டு, அபுதாபியில் ராஜாளிகளுக்கென்றே ஆஸ்பத்திரி 1999 முதல் நடக்கிறது, ராஜாளி வேட்டையை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்தப் பாஸ்போர்ட்டே இந்தச் சர்வதேச ஒப்பந்தத்தின் கண்காணிப்புக்காகத்தான். எந்தப் பறவை எந்த எல்லையைத் தாண்டியது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் கூண்டில் பிறந்த கூகையை வளர்க்கலாம், விற்கலாம். குஞ்சாக இருக்கும்போதே காலில் மூடிய வளையம் போட்டிருக்க வேண்டும், விற்பனைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் அவர்கள் ஊர் ஆந்தையைச் செல்லமாக வளர்க்கவே முடியாது. வேட்டைப் பயிற்சிக்கு உரிமம் வாங்குகிறவர்கள் பயிற்சிநிலையில் தொடங்கி மூன்று படி ஏற வேண்டும். நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஜப்பான் பக்கத்தவை. அந்த வளையத்துக்கும் சான்றிதழுக்கும் அந்த ஊரில்தான் மதிப்பு. நம் சட்டத்தில் ‘கூண்டில் பிறந்தது’ என்பதற்கு விலக்கே வைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். அது சரியா தப்பா என்று விவாதிக்கலாம். விலக்கு வைத்தால் மாடத்துக் குஞ்சுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் கூண்டில் பிறந்தவையாக மாறிவிடும் என்பது என் கட்சி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் பிடித்த எந்தக் கூகைக் குஞ்சும் கூண்டில் பிறந்ததாக இல்லை. பழைய குடோன், தண்ணீர்த் தொட்டி, சர்ச் கோபுரம், அடுக்குமாடி ஏசி பெட்டியின் பின்புறம், இந்த இடங்களிலிருந்து எடுத்தவை. விற்காமல் மிஞ்சும் குஞ்சு எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளி, அமாவாசை சமயங்களில் மாந்திரீகத்துக்கு ஆந்தை கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஆந்தைக் கடத்தலைப் பற்றி, வனஉயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் என்ற அமைப்பு 2010இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதை வெளியிட்டுப் பேசிய அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மந்திரப் பள்ளிக்கூடச் சினிமா பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வெள்ளை ஆந்தை கேட்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். செல்லமாக வளர்க்கக் கேட்பவருக்கும் நகத்துக்காகக் கேட்பவருக்கும் சப்ளை செய்வது ஒரே கைதான்.

அடிபட்ட பறவையை எடுத்து வைப்பதும் குற்றமா என்று அடுத்த கேள்வி வரும், எப்போதும் வரும். எடுப்பது குற்றமில்லை, சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் குற்றம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு மேலே வட்டமிடும் பருந்துகளுக்கு மாஞ்சா நூல்தான் எமன். தடை இருந்தும் நூல் அறுந்து மரத்தில் தொங்குகிறது, இறக்கையின் மடிப்பில் கத்தி மாதிரி இறங்கிவிடுகிறது. அப்படி ஒன்று கிடைத்தால் பழைய துண்டு ஒன்றை மேலே போட்டு, அலகை விடக் கால் நகத்துக்குப் பயந்து, பின்பக்கமாகப் பிடியுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். நூலை இழுக்காதீர்கள், சுற்றி வெட்டி விடுங்கள். பால், சோறு, பிரெட் எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய் அதனாலேயே செத்துப்போகும். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான் பக்கம். போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த யார் மேலும் நான் இருந்தவரை கேஸ் எழுதியதில்லை.

புறா வீடு என்று சொன்னதால் இன்னொன்று. வல்லூறோ ராஜாளியோ, நம் புறாக்காரர்கள் பைரி என்று பொதுவாகச் சொல்லும் எதுவோ, பந்தயப் புறாவை அடித்துத் தூக்கும்போது வயிறு எரியும்தான். அதற்காக வலை கட்டுவதோ கண்ணி வைப்பதோ சட்டத்தில் வேட்டை. பிடிக்க முயன்றாலே போதும், பிடித்தாக வேண்டியதில்லை. கூட்டைக் கலைத்து முட்டையை எடுப்பதும் அதில்தான் சேர்கிறது. உங்கள் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள், பழைய ஆட்கள் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாட்டி வீட்டுப் பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான் என்பதை இங்கே மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதை ஆரம்பித்தால் கிளி ஜோசியக்காரர் வரை போக வேண்டும்.

அட்வான்ஸ் விஷயம். குஞ்சை வாங்கப் போகாதீர்கள், ‘பாதி வழியில் வந்து வாங்கிக்கொள்’ என்றாலும் போகாதீர்கள். பேசியதையும் பணம் அனுப்பியதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ, சென்னையிலேயே இருக்கும் வனஉயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகத்திலோ கொடுங்கள். பறவை உங்கள் கைக்கு வராதவரை உங்களைச் சாட்சியாகப் பார்க்கத்தான் வாய்ப்பு அதிகம், இதை அனுபவத்தில் சொல்கிறேன், உத்தரவாதமாக இல்லை. சில நாளில் ‘நான் ஃபாரஸ்ட் ஆபீசர் பேசுகிறேன், உன் பெயர் லிஸ்டில் இருக்கிறது, ஜிபே பண்ணு’ என்று ஒரு போன் வரலாம். விற்றவனோ அவன் கூட்டாளியோதான் அது, வனத்துறை ஜிபேயில் அபராதம் வாங்காது. அந்த மூவாயிரம் போனது போனதுதான்.